நாலு டிஸ்க் பெட்டி வாங்கினால் பேக்கப் முடிந்ததா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். சென்னையில் தரைத்தள வீடு. இரண்டு லேப்டாப், மூன்று போன், மூலையில் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று. பல வருடப் போட்டோ, வீடியோ, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் என ஏறக்குறைய 1.5 டெராபைட் இரண்டு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கிறது. அதில் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான ஃபைல் அலமாரி) வாங்கி, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 5 முறையைப் போட்டுவிட்டால் பேக்கப் கவலை தீர்ந்ததா, அல்லது பழைய டெஸ்க்டாப்பையே நாஸாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீராது. நாஸ் வாங்குங்கள், நல்ல பொருள்தான். எல்லோருடைய ஃபைலும் ஒரே இடத்தில் சேரும், டிவியிலிருந்தும் போனிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் பேக்கப் என்பது அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நகல். நாலு டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு டிஸ்க் பெட்டியாக வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் வெளியே வைக்க இரண்டு சின்ன டிஸ்க் வாங்குங்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த டிக் டிக் டிஸ்க். அதை இப்போதே கழற்றி வையுங்கள். உள்ளே இருக்கும் படிக்கும் முனை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது வரும் சத்தம் அது. கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நிலைமை இன்னும் கெட வாய்ப்பு உண்டு. செருகியதும் விண்டோஸ் ‘டிஸ்க்கைச் சரிபார்க்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிசெய்கிறேன் பேர்வழி என்று அது டிஸ்க் முழுவதையும் போட்டு உருட்டும். வேறெங்கும் நகல் இல்லாத ஃபோல்டர்கள் எவை என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஃபைல்கள் இன்னும் திறக்கின்றன என்றால் அந்த வரிசையிலேயே எடுத்துவிடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் குனு டிடிரெஸ்க்யூ போடச் சொல்லலாம். படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும் புத்திசாலிக் கருவி அது. திறக்கவே மாட்டேன் என்றால், உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால், டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். ஃப்ரீஸரில் வைத்து எடுக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம்.

இப்போது ரெய்டு. 1988-இல் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையோடு பரவிய யோசனை இது. விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டலாம். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட அதில் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். அதனால், ஒன்று போனாலும் மற்றவை தாங்கிப் பிடிக்கிற மாதிரி தகவலைப் பிரித்து எழுதினார்கள். ஒரு டிஸ்க் இறந்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும், அதற்காகப் பிறந்தது ரெய்டு. வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அது பெரிய விஷயம். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஒரு நாள் திறக்காமல் இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

வீட்டில் தகவல் உண்மையில் எப்படித் தொலைகிறது என்று பாருங்கள். இடம் பண்ணுகிறேன் என்று யாரோ தப்பான ஃபோல்டரை அழிப்பார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் லேப்டாப்பில் ஏறி, அதோடு இணைந்திருக்கும் நாஸ் ஃபோல்டர்களையும் சேர்த்துப் பூட்டும். மின்னல் இறங்கும். தண்ணீர் ஏறும். திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். இந்த ஐந்தில் ஒன்றிலாவது ரெய்டு உதவுமா? அழித்த ஃபோல்டர் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும், பூட்டப்பட்ட ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க் ஒன்று தானாகச் சாவது என்ற ஒரே ஒரு விபத்துக்குத்தான் ரெய்டு மருந்து.

அதனால் உங்களுக்கு நாலு டிஸ்க் தேவையில்லை. இரண்டு 4 டெராபைட் டிஸ்க் வாங்கி ரெய்டு 1 போடுங்கள், அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். இடம் 4 டெராபைட் கிடைக்கும். திரையில் 3.6 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுகிறார்கள், கணினி 1024-இன் அடுக்கில் எண்ணுகிறது. 1.5 டெராபைட்டுக்கு இது பல வருடம் தாங்கும்.

டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டியது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தகவல் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆர் வகையில் அவை கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். செத்த டிஸ்க்கை மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது இந்த வகை திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் எஸ்எம்ஆர் டிஸ்க்குகளைச் சொல்லாமலே விற்றது வெளியே வந்து பெரிய ரகளையானது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. எனவே ரெட் பிளஸ், இல்லாவிட்டால் சீகேட் அயர்ன்வுல்ஃப் என்று கேட்டு வாங்குங்கள். ரிச்சி தெருவில் விலை குறைவாகக் கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் பில்லோடு வாங்குங்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதியது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. ஓடிய நேரக் கணக்கையே அழித்துவிட்டு விற்றிருக்கிறார்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற நாஸ் மென்பொருள் ஒன்றைப் போட்டால் அருமையாக ஓடும், இலவசம், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. கணக்குப் போட வேண்டியது கரண்ட்டை. இரண்டு டிஸ்க் நாஸ் பெட்டி சராசரியாக 20 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரண்டு மாத பில்லுக்கு 29 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தால் 86 யூனிட் ஆகும். உங்கள் பில் ஸ்லாப் விளிம்பில் நின்றுகொண்டிருந்தால் ‘இலவச’ நாஸ் விலை உயர்ந்ததாகிவிடும். தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் போட்டு அணைப்பதாக இருந்தால் டெஸ்க்டாப்பே போதும். கையைக் கடிக்காது. ஆனால் போன்கள் தாமாகவே போட்டோ ஏற்ற வேண்டும், எப்போது கேட்டாலும் கிடைக்க வேண்டும் என்றால் தனிப் பெட்டிதான் வசதி. சினாலஜி, கியூநாப் என்ற நாஸ் நிறுவனங்கள் இரண்டிலும் ஆரம்பநிலை மாடல்கள் உண்டு. ஸ்னாப்ஷாட் வசதி அந்தக் குறிப்பிட்ட மாடலில் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்; அது எதற்கு என்று கொஞ்சம் பின்னால் வரும்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு என்று நினைப்பீர்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ‘யூபிஎஸ்’, ‘நார்மல்’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் பின்பக்கம் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் மின்விசிறிக்குத் தெரியாத ஒரு இடைவெளி விழும், கணினி மட்டும் அணைந்து எரியும். முதலில் அதை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அதோடும் முடியவில்லை. பேட்டரி தீரப் போகிறது என்று இன்வெர்ட்டர் நாஸுக்குச் சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று போவதுதான் ஃபைல்களுக்கு ஆபத்து. யூஎஸ்பி வழியாக நாஸோடு பேசும் சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால், பேட்டரி குறைந்ததும் நாஸ் தானாக எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு அணைந்துகொள்ளும். கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் எல்லாவற்றிலும் அந்த யூஎஸ்பி துளை இருக்காது. திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாஸை வைஃபையில் இணைக்க முயலாமல் ரூட்டரில் நேரடியாகக் கேபிளில் செருகுங்கள். ரூட்டர் பக்கத்தில் அதற்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.50 என்பது போல. இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் ‘நாஸைக் காணோம்’ என்று வீட்டில் புகார் வரும். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் வாக்கில் வர வேண்டும். 11 மெகாபைட்டிலேயே நிற்கிறது என்றால் எங்கோ இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட் நாலு கம்பியிலேயே ஓடும். ஒரு முனையில் ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிக்கவில்லை என்றாலும் சத்தமில்லாமல் வேகம் பத்தில் ஒரு பங்காகும். நாஸைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். முதல் முறை 1.5 டெராபைட்டை ஏற்றும்போது நெட்வொர்க்கே வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கை நாஸின் பின்னாலேயே செருகி, அதன் நிர்வாகப் பக்கத்திலிருந்து நகலெடுங்கள். ராத்திரி போட்டால் காலையில் முடிந்திருக்கும்.

அடுத்தது பயனர்கள். எல்லோரும் அட்மின் கணக்கிலேயே நுழைவதுதான் வீடுகளில் நடப்பது. அதை முதல் நாளே நிறுத்துங்கள். ‘அட்மின்’ என்ற பெயரில் தயாராக இருக்கும் கணக்கை முடக்கிவிட்டு வேறு பெயரில் ஒரு நிர்வாகக் கணக்கு வைத்து, அதற்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். தினசரி வேலைக்கு ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு. குடும்ப ஆல்பம் இருக்கும் ஃபோல்டரை எல்லோரும் பார்க்கலாம், மாற்றும் உரிமை ஒருவருக்கு மட்டும். டிவிக்கென்று தனியாக, பார்க்க மட்டும் முடிகிற கணக்கு. நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய எஸ்எம்பி 1 நெறிமுறை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் அதன் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது.

ஸ்னாப்ஷாட்டை அதே நாளில் போட்டுவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் அமைப்புகளில் இந்த வசதி உண்டு. இந்த நொடியில் ஃபோல்டர் எப்படி இருக்கிறதோ அந்த நிலையை நாஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் மாறிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் இடம் பிடிக்கும். தினமும் ஒன்று என்று முப்பது நாள் வைத்தால் போதும். மருமகன் செவ்வாய்க்கிழமை அழித்த ஃபோல்டரைத் திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட்டிலிருந்து அரை நிமிஷத்தில் மீட்கலாம். சாதாரணக் கணக்கால் ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது என்பதால், லேப்டாப்பில் ஏறிய ரான்சம்வேராலும் அதைத் தொட முடியாது. நாஸ் வாங்கியதில் ரெய்டைவிட எனக்கு உபயோகமாக இருப்பது இதுதான். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும்.

போன்களுக்கு நாஸ் நிறுவனத்தின் போட்டோ செயலியையோ, சொந்தமாக நிறுவ ஆர்வம் இருந்தால் இம்மிச் என்ற போட்டோ மென்பொருளையோ போடுங்கள். கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து பலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போட்டோ நாஸுக்குப் போனதும் போனில் இடம் வேண்டும் என்று அழித்துவிடுவோம். இரண்டு இடத்தில் இருந்தது ஒரே இடமாகிவிடும். போனில் ஒரு நகல், நாஸில் ஒரு நகல் என்று மனசில் மட்டும் எண்ணிக்கொண்டிருப்போம். ஒத்திசைவும் அப்படித்தான்: இரண்டு கருவிகளில் ஃபோல்டரை ஒன்றுபோலவே வைத்திருக்கும் சிங்க்திங் போன்றவற்றை வழக்கமான அமைப்பில் போட்டால் ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியும். அது பேக்கப் ஆகாது.

சரி, பேக்கப். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றைக்கும் செல்லும். மொத்தம் மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. உங்களுக்கு நாஸ் ஒன்று. இரண்டு 4 டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க் வாங்குங்கள். இவற்றில் எஸ்எம்ஆர் இருந்தாலும் பரவாயில்லை, வாரம் ஒருமுறை எழுதும் வேலைக்கு அது போதும். ஒன்றைச் சனிக்கிழமை செருகுங்கள், நாஸில் வரும் பேக்கப் செயலி மாறியவற்றை மட்டும் எடுக்கும், முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே இருக்கும் டிஸ்க்குக்கும் நாஸுக்கும் ஒரே மின்னல்தான். இரண்டாவது டிஸ்க் மாமனார் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும், போகும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு வாருங்கள். பொங்கல், தீபாவளி என்று எப்படியும் போகத்தானே போகிறோம்.

வெளியே வைக்கும் டிஸ்க்கை மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்துதான் கொடுக்க வேண்டும், உள்ளே பத்திரமும் ஆதார் நகலும் இருக்கின்றனவே. அந்தக் கடவுச்சொல் நாஸுக்குள் மட்டும் இருந்தால் நாஸ் போன அன்று டிஸ்க்கும் வெறும் செங்கல். தாளில் எழுதி டிஸ்க் இல்லாத வேறொரு வீட்டில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

வெளியே ஒரு நகல் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தரைத்தளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தளங்கள் என்னவாயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாஸும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையின் கீழ் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மிதக்கும். குறைந்தபட்சம் நாஸைப் பரணுக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக உயரத்தில் வையுங்கள். பெரிய நிறுவனங்களும் இதில் விதிவிலக்கல்ல. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

கிளவுட்? நல்லதுதான், ஆனால் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் அப்லோட் வேகம் 40 மெகாபிட் என்றால் 1.5 டெராபைட் ஏற இடைவிடாமல் மூன்றரை நாள். இங்கே பல பிளான்களில் மாதம் 3300 ஜிபி உச்சவரம்பு இருப்பதால் அதில் கிட்டத்தட்டப் பாதியும் போகும். திரும்ப எடுக்கவே முடியாதவற்றை, அதாவது பத்திரங்கள், குடும்பப் போட்டோக்கள் போன்றவற்றை மட்டும், மறையாக்கம் செய்து ஏற்றுங்கள். டவுன்லோட் செய்த சினிமாவுக்கு மூன்று நகல் தேவையில்லை.

வெளியூரிலிருந்து நாஸைப் பார்க்க ஆசை வரும். அதற்காக ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிடாதீர்கள். நாஸ் தானாகத் திறந்துகொள்ளாதபடி யூபிஎன்பி என்பதையும் ரூட்டரில் அணையுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுக்கத் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. அவற்றுக்குக் கடைசி அப்டேட் வந்ததே 2015-இல். மறைவான தனிப் பாதை போட்டுத் தரும் டெய்ல்ஸ்கேலோ வயர்கார்டோ போடுங்கள், உங்கள் போன் மட்டும் உள்ளே வரும், மற்றவர்களுக்குக் கதவு இருப்பதே தெரியாது. ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் ஆரம்பித்தால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன என்று அர்த்தம். அங்கே போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, டெய்ல்ஸ்கேல் வேலை செய்யும்.

கடைசியாகச் சோதனை. பேக்கப் ஓடுகிறது என்று பச்சை விளக்கு எரிவது வேறு, ஃபைல் திரும்பி வருவது வேறு. 2017 ஜனவரி 31-ஆம் தேதி மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தப்பான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். கைவசம் இருந்த ஐந்து பேக்கப் வழிகளில் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேக்கப் தோற்றுப்போனதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படாமலே போயிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அதனால் நாஸில் மின்னஞ்சல் எச்சரிக்கை அமைத்ததும் சோதனை மின்னஞ்சல் அனுப்பும் பொத்தானை அழுத்தி, அது ஸ்பாமில் விழாமல் வருகிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போர்ட்டபிள் டிஸ்க்கை நாஸில் செருகாமல் லேப்டாப்பில் செருகி, ஒரு பழைய வீடியோவை மீட்டு, கடைசி நொடி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். இதை லேப்டாப்பில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாஸின் பேக்கப் செயலி தன் சொந்த வடிவத்தில் எழுதியிருக்கும், அதைக் கணினியில் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். சினாலஜியின் ஹைப்பர் பேக்கப்புக்கு அப்படி ஒரு எக்ஸ்ப்ளோரர் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இப்போதே இறக்கி, அதே டிஸ்க்கில் மறையாக்கம் செய்யாத ஒரு மூலையில் போட்டு வைத்துவிடுங்கள்.